சாவுக்கு வரிசை கிடையாது

எங்கள் ஊர் சர்ச்சில் துக்க மணி அடித்தால் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று இல்லாமல் எல்லாத் திண்ணையிலும் ஒரே கேள்விதான்: "ஆருக்கு?" பெயர் தெரிந்ததும் "வயசென்ன?" அதற்கப்புறம் "என்ன செய்தது?" எண்பது தாண்டியவர் என்றால் மூன்றாவது கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. நாற்பது என்றால் விடமாட்டார்கள். சுகர் உண்டாம், குடிப்பாராம், பைக்கில் பறப்பானாம் என்று ஏதாவது ஒன்று காதில் விழுந்தால்தான் கேட்டவருக்கு மனசு ஆறும். துஷ்டி வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து இதைப் பல தடவை கவனித்திருக்கிறேன். காரணம் தெரிந்தால், அந்தக் காரணம் நம்மிடம் இல்லை, நம் முறை வர இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம். அதற்காகத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் தாலுகா ஆபீஸ் பக்கம் சின்னதாக ஒரு இ-சேவை மையம் நடத்துகிறேன். இறப்புச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் இல்லாமல் ஒரு நாள் போகாது. வாரிசு சான்றிதழுக்கு, பட்டா மாற்ற, விதவை உதவித்தொகைக்கு, ரேஷன் கார்டில் பெயர் நீக்க என்று வருவார்கள். வயது என்ற கட்டத்தை நிரப்பும்போது விரல் தானாக ஒரு நிமிடம் நின்றுவிடும். 71 வயதுக்காரருக்கு அடுத்து 34 வயது வரும், அதற்கு அடுத்து 19 வரும். அப்பா பெயரில் வர வேண்டிய விண்ணப்பம் மகன் பெயரில் வரும். அப்பாவே எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். இத்தனையையும் தினமும் பார்த்த பிறகும், என் வீட்டில் மட்டும் ஒரு வரிசை இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

என் அப்பா பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போனவர். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் மரம் மரமாக நடந்த மனிதர். ஒரு நாள் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், ரொம்ப நாள் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் அப்பாவின் சாவுக்குத் தயாராகிவிட்டோம். சொந்தபந்தம் வந்து முகம் பார்த்துவிட்டுப் போனது. குவைத்தில் இருக்கும் தம்பி லீவைச் சேர்த்து வைத்தான். அப்பாவின் பாஸ்புக், பட்டா, ஆதார் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்தோம்.

போனது அம்மா.

அன்று மத்தியானத்திலிருந்தே முதுகில் தோள்பட்டைக்கு நடுவே உளைச்சலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "வாயு கட்டினது போல இருக்கு மக்ளே" என்று போனில் சொன்னாள். இஞ்சி தட்டிக் குடித்தாள். வழக்கம்போல அப்பாவைத் துடைத்து, சட்டை மாற்றி, கஞ்சி ஊட்டினாள். ராத்திரி வியர்த்துக் கொட்டியது. 108 வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. 64 வயது. சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தது கிடையாது. பந்தலில் வந்து உட்கார்ந்தவர்கள் "என்ன செய்தது?" என்று கேட்டபோது சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. "கிடக்கிறவரு கிடக்க, ஓடியாடி நடந்தவ போயிட்டாளே" என்று வயசான ஒரு மாமி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டுக்காக அம்மா தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை, பெயர் எழுதிய துண்டுச்சீட்டு குத்தியபடி, தையல்கடைப் பிள்ளை அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது என்றுதான் நம் மனதில் படம் இருக்கிறது. பெண்களுக்கு அது பல சமயம் அப்படி வருவதில்லை. மேல் முதுகு வலி, தாடை வலி, காரணமில்லாத களைப்பு, மூச்சு வாங்குவது, குமட்டல், குளிர்ந்த வியர்வை என்று வரலாம். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம். நம் ஊரில் இதெல்லாம் வாயு என்ற ஒரே கணக்கில் போய்விடுகிறது. நடுத்தர வயது தாண்டிய யாருக்காவது இப்படிப் புதிதாக ஒரு வேதனை வந்து, வியர்வையும் சேர்ந்தால், இஞ்சியும் சோடாவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு இசிஜி எடுக்க வேண்டும். எடுத்தாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம்தான். ஆனால் எடுக்கிற நேரம் ஒன்று இருக்கிறது. அது சில மணி நேரம்தான்.

அம்மா இறந்த அன்று ராத்திரி நடந்ததை விரிவாகவே சொல்கிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தம்பி குவைத்திலிருந்து வரும்வரை அம்மாவை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். ஊர்க்காரர்கள் பந்தல் போட்டார்கள். நீர்மாலைக்கு யார் போவது, காடாத்து எப்போது வைப்பது என்று பெரியவர்கள் சடங்குகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்து மெதுவாகக் கேட்டாள்: "அப்பாவுக்கு மருந்து கொடுத்தாச்சா?"

யாரும் கொடுக்கவில்லை. என்ன மருந்து என்று யாருக்கும் தெரியவும் இல்லை. அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்தால் அட்டை அட்டையாக மாத்திரை. சில அட்டைகளில் ஒரு மூலை வெட்டியிருந்தது. ஒரு காகிதத்தில் பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள் பொதிந்திருந்தன. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது, ஆனால் அதில் எழுதியிருந்ததும் டின்னில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. இடையில் டாக்டர் போனில் அளவை மாற்றியிருக்கிறார். மூலை வெட்டிய அட்டை ராத்திரிக்கா, நிறுத்திவிட்டதா? பாதி உடைத்தது எதற்கு? அப்பா கட்டிலில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்ல வாய் இல்லை. தெரிந்த மற்ற ஒரே ஆள் முன்னறையில் பெட்டிக்குள் கிடந்தாள்.

கடைசியில் உதவியது மருந்துக்கடைத் தம்பி. மாதாமாதம் அம்மா அவனிடம்தான் வாங்குவாள். துஷ்டி கேட்க வந்தவனை உள்ளே கூப்பிட்டு டின்னைக் காட்டினோம். இது இரத்தம் கட்டாமல் இருக்க, இது வலிப்பு வராமல் இருக்க, இதை ஒரு வேளைகூட விடக்கூடாது, இது கொழுப்புக்கு, ராத்திரி மட்டும் என்று பிரித்துக் கொடுத்தான். தண்ணீர் கொடுத்தால் அப்பாவுக்குப் புரையேறும் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு விழுங்கும் தசை தளர்ந்திருக்கும். மெல்லிய தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சிதான் எளிதாக இறங்கும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, சின்ன ஸ்பூனில் கொடுக்க வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இதையெல்லாம் அம்மா யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. அவள் இருக்கிறாளே.

நோயாளி இருக்கும் எல்லா வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். அவரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, அவர் திடமாக இருக்கிறார் என்பதாலேயே. என்னால் ஒன்றே ஒன்றைத்தான் வற்புறுத்த முடியும் என்றால் இதைத்தான் வற்புறுத்துவேன்: படுத்திருப்பவரின் மருந்து, சாப்பாடு, புரட்டும் நேரம், டாக்டர் நம்பர், எது கொடுத்தால் ஆகாது, இவற்றை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைக் கட்டில் பக்கத்திலேயே ஆணியில் தொங்கவிடுங்கள். அளவு மாறினால் அன்றைக்கே மாற்றி எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வேறு ஒருவர் அந்த நோட்டைப் பார்த்து முழு வேலையையும் செய்யட்டும். பார்த்துக்கொள்பவருக்கும் அன்று ஓய்வு கிடைக்கும்.

அம்மாவின் பணக்கணக்கும் அவளோடுதான் இருந்தது. பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்த பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சீட்டு நடத்தும் அக்கா இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று சொன்னாள். அம்மாவிடம் கைமாற்று வாங்கியிருந்த ஒரு மீன்காரப் பெண், யாரும் கேட்காமலே ரூபாயைக் கொண்டுவந்து அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள். அடகு வைத்த நகை எங்கே என்று மட்டும் தெரியவில்லை. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் ஒரு தாளில் பென்சிலால் ஒரு தொகையும் "வட்டி" என்றும் எழுதியிருந்ததை என் மகள்தான் பார்த்தாள். அந்தத் தேதியை வைத்து பேங்க் ஒவ்வொன்றாக விசாரித்துக் கண்டுபிடித்தோம். கிழித்துப் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

என் வேலை அனுபவத்தில் சொல்கிறேன், இறந்தவரின் குடும்பத்தை அதிகம் அலைய வைப்பது பெயர்தான். ஆதாரில் ஒரு எழுத்துக்கோர்வை, ரேஷன் கார்டில் ஒன்று, பத்திரத்தில் வீட்டுப்பெயர் சேர்த்து ஒன்று, பாஸ்புக்கில் செல்லப்பெயர். ஆள் உயிரோடு இருக்கும்போது ஒரு கைரேகையில் திருத்திவிடலாம். இறந்த பிறகு "இவரும் அவரும் ஒருவரே" என்று நிரூபிக்க அஃபிடவிட், விசாரணை, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மாதக்கணக்கில் போகும்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு தனிச்சிக்கலும் உண்டு. பெரிய நோய் என்றால் பாதிப்பேர் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுகிறோம். இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அங்கேதான் பதிவாகும். திருவனந்தபுரம் மாநகராட்சி எல்லைக்குள் இறந்தால் சான்றிதழும் அந்த மாநகராட்சியிலிருந்துதான் வரும், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். பெயரை அங்கே சொல்வது யார்? அழுதுகொண்டு நிற்கும் மச்சானோ, ஆம்புலன்ஸில் கூடப் போன பக்கத்து வீட்டுக்காரரோதான். அவர் வாயில் வந்த பெயர் அங்கே ஒரு மாதிரி எழுதப்படுகிறது. அப்புறம் தக்கலையில் என் மேசையில் அது ஆதாரோடு ஒத்துப்போகாமல் நிற்கிறது. அதனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே ஆதாரைக் கொடுத்து அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். இறப்பு நடந்துவிட்டால் 21 நாளுக்குள் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் இன்னும் பெரிய அலைச்சல். வீட்டில் நடக்கிற சாவுகளில்தான் இது அதிகம் விட்டுப்போகிறது.

வாரிசு யார் என்பதிலும் பலருக்குத் தெளிவில்லை. நம் தெருக்களில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். ஆனால் வாரிசுச் சட்டம் வேறு வேறு. உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயாருக்கும் சம பங்கு உண்டு. கிறிஸ்தவர் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் தாயாருக்குப் பங்கு இல்லை. மகனை நம்பி இருந்த ஒரு வயசான தாய் இதை என் மேசை முன்னால்தான் தெரிந்துகொண்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அந்த மகன் ஒரு வெள்ளைத்தாளில் உயில் எழுதி, பங்கு பெறாத 2 பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்திருந்தால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் பிற்பாடு வழக்கு வராமல் இருக்க உதவும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் நாற்பது வயதில் யார் உயில் எழுதுகிறார்கள்?

பேங்க் நாமினியையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட அம்மாவின் பெயரே இருக்கும். அந்த அம்மா இறந்தும் பல வருடம் ஆகியிருக்கும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நாமினி வைக்கலாம். நாமினி என்பவர் பேங்கிலிருந்து பணத்தை வாங்குகிறவர்தான், அதனால் மட்டும் அவருக்கே சொந்தமாகிவிடாது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். இதில்தான் அண்ணன் தம்பி சண்டை வருகிறது. இறந்தவரின் ஏடிஎம் கார்டைக் கொண்டுபோய்ப் பணம் எடுப்பதும் வேண்டாம், அது பின்னால் தொந்தரவு.

அப்புறம் இறந்தவரின் பாஸ்புக்கில் மே, ஜூன் மாதப் பக்கத்தைத் தேடுங்கள். 436 ரூபாய் கழிந்திருந்தால் அவருக்குப் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு இருக்கிறது, குடும்பத்துக்கு 2 லட்சம் வரும். 20 ரூபாய் என்றால் சுரக்ஷா காப்பீடு, விபத்தில் இறந்தவர்களுக்கு 2 லட்சம். அதற்குப் பெரும்பாலும் எஃப்ஐஆரும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் கேட்பார்கள். பனையிலிருந்து விழுந்தவர், ரப்பர் தோட்டத்தில் பாம்பு கடித்தவர் என்று வருகிற வீடுகளில், போலீஸ் எதற்கு என்று பேசாமல் அடக்கம் பண்ணிவிட்டு வந்து நிற்கிறார்கள். மனசு கேட்காத நேரம்தான், உடலை அறுக்க யாருக்கும் சம்மதம் வராது. ஆனால் மிஞ்சி இருக்கிற பிள்ளைகளை நினைத்து யாராவது ஒருவர் அதைச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு காகிதம் பேசுகிறேனே, உடலே கிடைக்காதவர்களுக்கு என்ன செய்வது? 2017 நவம்பர் 29 ராத்திரி ஒக்கி புயல் வந்தது. நாகர்கோவில் பக்கமெல்லாம் மரங்கள் சாய்ந்து கரண்ட் இல்லாமல் கிடந்தோம். கரைக்கு வெளியே என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். புயல் செய்தி அவர்களை எட்டவில்லை. என்னோடு காலேஜில் படித்த தோழி அந்தக் கரையைச் சேர்ந்தவள். அவள் வீட்டிலும் ஒருவர் திரும்பவில்லை. ஒரு ஆள் காணாமல்போய் 7 வருடம் தகவல் இல்லை என்றால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒக்கியில் அரசு அவ்வளவு காத்திருக்கவில்லை, காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஆனால் என் தோழி கேட்டது வேறு. "எந்த நாளை நினைவு நாள்னு வைக்கியதுட்டி?" என்றாள். கரையை விட்டுப் போன நாளா, புயல் நாளா, கடைசியாக வயர்லெஸ்ஸில் குரல் கேட்ட நாளா? அவள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் நவம்பர் 30 என்று ஊரே சேர்ந்து வைத்துக்கொண்டது என்றாள்.

அவள் சொன்ன ஒரு விஷயம் கடலுக்குப் போகிற வீட்டாருக்கு உதவும். ஆதாரும் மீனவர் அடையாள அட்டையும் அசலாகப் படகில் போயிருந்தன, படகோடு போய்விட்டன. வீட்டில் ஒரு நகல்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் நகல் வீட்டில் இருக்கட்டும். எந்தப் படகு, யார் யார் கூட, எப்போது புறப்பட்டார்கள் என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பேர்களைச் சொன்னாலே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். குளச்சலில் ஒரே குழியில் பலரைச் சேர்த்துப் புதைக்க வேண்டி வந்தது. கடலுக்குப் போகிற ஆண்களைப் பற்றித்தான் அந்தக் கரை எப்போதும் பயந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கரையில் வீட்டில் இருந்த பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம் போனார்கள். அம்மா போன பிறகு நான் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். நாம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறோமோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று என்ன நிச்சயம்?

இப்படி யோசிக்க ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் போனது. ராத்திரி எழுந்து அப்பாவின் மூச்சைப் பார்ப்பேன். அப்புறம் என் வீட்டுக்காரரின் மூச்சை, பிள்ளைகளின் மூச்சை. மகள் டியூஷன் முடிந்து வர பத்து நிமிடம் தாமதித்தால் கை நடுங்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பாவைப் பார்க்க ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவாள். இப்படிப் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதும், பிசியோதெரபி கொடுப்பதும் 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் உண்டு. நிறையப் பேருக்குத் தெரியவில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும். அவளிடம் ஒரு நாள் கேட்டேன், அப்பாவுக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று. "நாள் கேக்காதீங்கக்கா, ஆரு சொன்னாலும் தப்பாத்தான் போகும். வலி இருக்கா, ராத்திரி உறங்குறாரா, வயிறு போகுதா, அதைக் கேளுங்க, சொல்லுதேன்" என்றாள். அன்றிலிருந்து நான் அந்த மூன்றைத்தான் பார்க்கிறேன். மூச்சை எண்ணுவது தானாகக் குறைந்துவிட்டது.

அம்மாவுக்கு முதல் ஆடி அமாவாசை பலி போட குழித்துறை ஆற்றுக்குப் போனோம். தாமிரபரணிக் கரையில் வாவுபலி நாள் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஈரத்துணியோடு எள்ளும் சோறும் உருட்டி ஆற்றில் விடுகிறார்கள். பக்கத்திலேயே பொருட்காட்சி, ராட்டினம், செடி விற்கிறவர்கள், மிட்டாய்க்கடை. சின்ன வயதில் நான் ராட்டினத்துக்காகத்தான் அங்கே போவேன். அன்று தம்பி பலி போட்டுவிட்டு ஈரத்தோடு ஏறி வந்தான், என் மகள் "மாமா, மேல ஏறலாமா?" என்று ராட்டினத்தைக் காட்டினாள். பக்கத்தில் நின்ற வயசான அத்தை தடுப்பாள் என்று நினைத்தேன். "போயிட்டு வா மக்ளே, நாங்களும் ஏறினவங்கதான்" என்றாள். அம்மா இறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசுகிறோம். முதலில் கஷ்டமாக இருந்தது. "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு" என்று மாமியார் எழுந்து போய்விடுவார். அவரிடமே ஒரு நாள் கேட்டேன், உங்கள் அம்மா எதையாவது எடுத்து வைத்திருந்தாரா என்று. அவர் முகம் மாறிவிட்டது. பாட்டி ஒரு டிரங்குப் பெட்டியில் தனக்கு உடுத்த முண்டும் கவணியும், குழி வெட்டுகிறவர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் ரூபாயும், தன் கம்மல் எந்தப் பேத்திக்கு என்று ஒரு சீட்டும் வைத்திருந்தாராம். அந்தத் தலைமுறைக்கு இது அபசகுனமாகத் தெரியவில்லை. சாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்த பிறகு நமக்குத்தான் பேச்சு வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரி என்றதும் வருவது: அப்பாவிடம் கேட்க முடியாமல் போன கேள்வி ஒன்று உண்டு. இனி பிழைக்க வழி இல்லை என்ற நிலை வந்தால் வென்டிலேட்டரில் வைக்க வேண்டுமா? அவருக்குப் பேச்சு போய்விட்டது. தம்பி ஒன்று சொல்கிறான், நான் ஒன்று சொல்கிறேன். 2018-இல் உச்ச நீதிமன்றம், இந்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்புக் கொடுத்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. 2 சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். நமக்காக முடிவெடுக்க யாரை நம்புகிறோம் என்று பெயர் குறிப்பிட வேண்டும். நான் எழுதிவிட்டேன். தம்பி பெயரும் மகள் பெயரும் போட்டிருக்கிறேன். அவள் பதினெட்டு தாண்டிவிட்டாள்.

அப்பா இப்போதும் இருக்கிறார். நாள் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய மனிதர், காலையில் இடது கையால் தானே ஸ்பூனைப் பிடிக்கிறார். கட்டில் பக்கத்து நோட்டை இப்போது என் வீட்டுக்காரரும் மகளும் பார்த்தே எல்லாம் செய்துவிடுவார்கள். நான் ஒரு வாரம் இல்லாவிட்டாலும் அப்பாவுக்கு ஒரு வேளை மருந்து தப்பாது.

இன்னும் முடிவாகாதது என் கண் விஷயம்தான். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறவர்கள் சம்மதித்துப் போன் பண்ணினால்தான் நடக்கும். என் வீட்டுக்காரருக்கு இன்னும் மனசு வரவில்லை, அவரை நான் வற்புறுத்தவும் இல்லை. மகள் சரி என்றுவிட்டாள். கண் வங்கியின் நம்பர் அவள் போனில் இருக்கிறது, பாஸ்புக்குகள் எந்த அலமாரியில் என்பதும் அவளுக்குத் தெரியும்.